வணிக வாக்குறுதியும் பண்பாட்டு விளக்கமும்: சீன – இலங்கை அனுபவங்கள் இரண்டு

வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை நீளும் காலி வீதியின் கடைகளிற் சீனப் பொருள்கள் மலிந்துள்ளன. சீன வழங்குநர் பற்றிப் பேசுமிடத்து ஒரு கருத்து அடிக்கடி முன்வைக்கப்படுகின்றது. அவர்கள் ஒப்பந்தத்தைப் பேச்சின் முடிவாகவன்றித் தொடக்கமாகவே கொள்வர். எழுத்தினும் உறவையே பெரிதென மதிப்பர் என்பதே அது. ‘குவான்சி’ எனப்படும் உறவுப் பிணைப்புச் சீன வணிகத்தில் முக்கியமானது என்பது மெய்யே. ஆயின் அது சீனர்க்கு மட்டும் உரிய இயல்பன்று. கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் உண்டியல்களும் உறவுவழி நம்பிக்கையிலேயே செல்லுபடியாயின. எனவே, வாக்குறுதிகள் நிலைப்பதற்கும் முறிவதற்கும் பண்பாடு மட்டுமே காரணமாகுமா என்பதை இரு நிகழ்வுகள் கொண்டு நோக்குவோம்.

முதலாவது, 1952 டிசம்பரிற் பீக்கிங்கிற் கைச்சாத்தான இறப்பர் – அரிசி உடன்படிக்கை. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 270,000 மெற்றிக் தொன் அரிசியைச் சீனாவும் 50,000 மெற்றிக் தொன் இறப்பரை இலங்கையும் வழங்க உடன்பட்டன. அப்போது இரு நாடுகளுக்குமிடையே இராசதந்திர உறவு இருக்கவில்லை. அது 1957 இலேயே ஏற்பட்டது. எனினும் கொரிய யுத்தகாலத் தடையினால் சீனாவுக்கு இறப்பர் அரிதாயிற்று. இலங்கைக்கு அரிசி கிடைக்கவில்லை. பரஸ்பரத் தேவையே பிணையாக நின்றது. பலமுறை புதுப்பிக்கப்பட்ட இவ்வேற்பாடு பல தசாப்தங்கள் நிலைத்தது.

இரண்டாவது, 2021 ஆம் ஆண்டின் சேதனப் பசளைப் பிணக்கு. இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்ட அவ்வாண்டில், சிங்தாவோ சீவின் நிறுவனத்தின் பசளை மாதிரிகளில் தீங்கான நுண்ணுயிர்கள் இருப்பதாக இலங்கைத் தாவரத் தொற்றுத்தடைப் பிரிவினர் அறிவித்தனர். நிறுவனம் அதனை மறுத்தது. நீதிமன்றத் தடையுத்தரவினால் மக்கள் வங்கி நாணயக் கடிதத்திற்குரிய பணத்தைச் செலுத்தவில்லை. ஒக்டோபரிற் சீனத் தூதரகம் அவ்வங்கியைக் கறுப்புப் பட்டியலிற் சேர்த்தது. 2022 சனவரியில் ஏறத்தாழ 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. கப்பலிலிருந்த பசளையோ இந்நாட்டில் இறக்கப்படவேயில்லை.

இங்கு எழுத்துக்குக் குறைவில்லை. ஒப்பந்தமும் நாணயக் கடிதமும் இருந்தன. எவருடைய ஆய்வுகூடத்தின் முடிவு இறுதியானது என்பதே பிணக்கின் மையமாயிற்று. அதனைத் தீர்த்தது பண்பாடன்று, பேரம்பேசும் வலிமையே. 1952 இல் இரு தரப்பும் ஒன்றையொன்று வேண்டிநின்றன; 2021 இல் இலங்கை வெளிநாட்டுக் கடனில் அமிழ்ந்திருந்தது. இழப்பின் சுமையோ பேச்சுமேசையில் இடம்பெறாத உழவர்மீதும் வரிசெலுத்துவோர்மீதும் வீழ்ந்தது.

பண்பாடு பேரத்தின் நடையை விளக்கும்; அதன் முடிவை விளக்காது. ‘சீனர் இயல்பு’ எனக் கூறி அமைவோமாயின், பரிசோதிப்பவர் யார், தீர்ப்பவர் யார் என்பனவற்றை முன்கூட்டியே வரையறுக்கும் பொறுப்பினின்று நாம் தப்பிக்கொள்கின்றோம் என்பதே எமது முடிபு.