தோட்டத்து வானத்தில் ஒரு பருந்துக் கணக்கு

மார்ச் மாதத்தில் வெயில் ஏறிய பிறகு போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் அண்ணாந்து பார்த்தால், செம்பனை மரங்களுக்கு மேலே பருந்துகள் கூட்டமாக வட்டமிடுவதைக் காணலாம். எங்கள் தோட்டத்தில் பலர் அவற்றைக் கருடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆனால், கருடன் எனப்படும் செம்பருந்து ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. மார்ச்சில் கூட்டமாக வருபவை கடல் தாண்டி வரும் பயணிகள்.

அவற்றுள் பெரும்பாலானவை தேன் பருந்துகள். சிறிய தலை, நீண்ட கழுத்து, அகன்ற இறக்கை ஆகியவை அவற்றின் அடையாளம். தேனீ, குளவிக் கூடுகளைப் பிய்த்து உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்பதால் அந்தப் பெயர். வடக்கே குளிர்காலம் தொடங்கும்போது இந்தோனேசியா வரை வரும் இவை, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இனப்பெருக்கத்திற்காக மீண்டும் வடக்கே திரும்புகின்றன. ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயோஷி ஹிகுச்சியின் குழுவினர் 2003 முதல் தேன் பருந்துகளின் முதுகில் சிறு கருவி பொருத்தி, துணைக்கோளம் வழியாக இந்த நெடும்பயணத்தைப் பின்தொடர்ந்தனர். ஜப்பானிலிருந்து கிளம்பிய பறவைகள் நம் தீபகற்பத்தின் வழியாகச் சென்றது அதில் தெரிய வந்தது.

ஏன் போர்ட்டிக்சன் பக்கம்? பருந்துகள் நெடுந்தூரத்தை இறக்கை அடித்தே கடப்பதில்லை. வெயிலில் நிலம் சூடாகி மேலெழும் காற்றில் சுற்றிச் சுற்றி உயர்ந்து, பிறகு சறுக்கிச் செல்லும். கடலின் மேல் அப்படிப்பட்ட காற்று போதிய அளவு கிடைக்காது. அதனால் நீரிணையின் குறுகலான இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவான் முனைக்குச் சுமார் 38 கிலோமீட்டர்தான். களைத்துத் தாழ்வாக வந்து சேரும் பறவைகள், நம் நிலத்தின் சூடான காற்றில் மறுபடியும் உயரம் பிடிக்கின்றன.

அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அருகே மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் பருந்துகளைக் காணும் விழாவை நடத்தி வருகிறது. தொண்டூழியர்கள் பறவைகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால், முனையைத் தாண்டி உள்நாட்டுக்குள் பறந்த பிறகு அவற்றைப் பார்ப்பவர்கள் லுக்குட், சிலியாவ், லிங்கி பக்கத்துத் தோட்ட மக்கள்தாம்.

பால்மரம் சீவிய என் தாத்தா, "மாசி கடைசியில கூட்டமா வரும், கொஞ்ச நாள்ல போயிடும்" என்பார். காலம் சரியாகத்தான் இருக்கிறது. எத்தனை வந்தன என்று கேட்டால், "நெறைய" என்பதுதான் பதில். முன்பைவிடக் குறைந்திருக்கிறதா என்று கண்டறிய, அந்த 'நெறைய' உதவாது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறுகின்றன, பெரியவர்களும் இடம்பெயர்கிறார்கள். எழுதி வைக்காவிட்டால், ஐம்பது ஆண்டு அனுபவம் அவர்களோடு போய்விடும்.

எழுதுவது கடினமன்று. தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, பறந்த திசை ஆகிய ஐந்தும் போதும். வட்டமிடும்போது எண்ணினால் குழப்பம் வரும். உச்சியை அடைந்து வரிசையாகச் சறுக்கிச் செல்லும்போது எண்ணுங்கள். இனம் தெரியாவிட்டால் 'பருந்து' என்று மட்டும் குறியுங்கள். ஊகித்துப் பெயர் எழுத வேண்டாம். ஒரு மணி நேரம் காத்திருந்து ஒன்றும் வரவில்லையென்றால் 'பூஜ்யம்' என்று எழுதுங்கள், அதுவும் தகவலே. பிறகு இ-பேர்டு செயலியில் பதிவேற்றினால் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

மாணவ நண்பர்களே, வரும் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொண்டு திடலுக்குச் செல்லுங்கள். எங்கே பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியும். எண்ணி எழுதும் வேலை நம்முடையது.