சங்கோலும் பேக்கோவும்

மலாக்காவில் புக்கிட் காத்தில் பக்கத்துக் கம்பத்து வீடுகளுக்குச் சாலையிலிருந்து இறங்கினால் முதலில் ஒரு கால்வாயைத் தாண்ட வேண்டும். சாலையோரம் ஓடும் மண் கால்வாய். அதில் சிமெண்டுக் குழாயைப் பதித்து, மேலே மண் கொட்டி, கார் ஏற வழி செய்திருப்பார்கள். அந்தக் குழாய் வாயில்தான் எல்லாம் வந்து அடைக்கும்: தென்னை மட்டை, ரம்புத்தான் சருகு, வெட்டிப் போட்ட லாலான் புல், சோற்றுப் பொட்டலத்தின் பொலிஸ்டிரின் பெட்டி, தண்ணீர் போத்தல். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை அரை மணி நேரம் நின்று பெய்தால் போதும், தண்ணீர் போக வழியில்லாமல் வாசலுக்கு ஏறிவிடும்.

இப்போது அந்த அடைப்பை வார, பேக்கோ என்னும் தோண்டும் இயந்திரத்தைக் கூப்பிடுகிறோம். முன்பு சங்கோல் என்னும் மண்வெட்டிதான்.

மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் முதலில் நடப்பட்டது இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில். 1896இல் டான் சே யான் நட்டார். பால்மரம் வந்த இடமெல்லாம் கால்வாயும் வந்தது. வேரடியில் தண்ணீர் தேங்கினால் மரம் கெடும். சரிவில் தண்ணீர் வேகமாக ஓடினால் மேல்மண் போய்விடும். சரிவுக்குக் குறுக்கே கால்வாய் வெட்டி, இடையிடையே மண் குழி தோண்டி வைத்தது இதனால்தான். அடித்து வரும் வண்டல் குழியில் தங்கும். அதை அள்ளி மறுபடி மரத்தடியில் போடுவார்கள்.

மரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அது காய்ச்சல். 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பை வடித்து, புதரை வெட்டி, மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். கரையோரச் சமவெளியில் அது பலித்தது. அங்கே நோயைப் பரப்பிய கொசு நிழல் விழும் தண்ணீரில் வளர்வது. மேட்டுத் தோட்டங்களில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் ஏறியது. வெயில் பட்ட தெளிந்த ஓடையில் வேறொரு கொசு பெருகியதே காரணம். அதனால் மேட்டில் ஓடைத் தண்ணீரை நிலத்தடிக் குழாயில் இறக்கினார்கள். திறந்து கிடந்த கால்வாய்களில் வாரம் தவறாமல் எண்ணெய் தெளித்தார்கள். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும், அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. எண்ணெய் படர வேண்டுமானால் கால்வாயில் புல்லோ சருகோ இருக்கக்கூடாது. ஆகவே வாருகிற வேலைக்கு ஓய்வே இல்லை.

அந்தக் கால்வாய்களை வெட்டி, வாரி, எண்ணெய் தெளித்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். மலாயாவின் மலேரியா வரலாற்றில் டாக்டரின் பெயர் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். சங்கோல் பிடித்தவர்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை என்பது எனக்கு ஆறாத மனக்குறை.

கால்வாய் வாருவதில் ஒரு முறை இருந்தது. கீழ்க்கோடியில் தொடங்கி மேட்டை நோக்கி ஏறி வர வேண்டும். அப்படிச் செய்தால் தேங்கிய தண்ணீர் வேலை நடக்க நடக்க வடிந்துபோகும்; வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதையும் தண்ணீரே சொல்லிவிடும். ஓடாமல் நின்றால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. தண்ணீருக்குள் நிற்பவனின் காலுக்கு அது கண்ணுக்கு முன்பே தெரியும். அந்த வேலை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அட்டை கடிக்கும், கண்ணாடித் துண்டு கிழிக்கும், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் காய்ச்சல் உயிரையே கொண்டுபோகும். அந்தப் பாட்டை இயந்திரம் குறைத்தது நல்லதே.

இன்று பேக்கோ வந்தால் ஒரு கூட்டம் நாள் முழுக்கச் செய்ததை சிறிது நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆழமில்லாத கால்வாய்க்கு டிராக்டரே போதும். பின்னால் மாட்டிய தகட்டை ஒரு பக்கம் தாழ்த்தி, கரையோரமாக மெல்ல இழுத்துப்போனால் சருகும் சேறும் சுருண்டு மேலேறி வரும். ஆனால் இயந்திரத்துக்குக் கால் இல்லை. பல் வைத்த வாளியால் அள்ளினால் அடிமண் கிளறிப்போகும். குழாயின் மட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டால் மழை விட்ட பிறகும் அங்கே குட்டை நிற்கும். அந்தக் குட்டைக்குக் கொசு வரும். கால்வாய் வாருவதற்கென்றே அகலமான, பல் இல்லாத வாளி உண்டு. அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பவர் குறைவு. குழாயின் உள்ளே இருக்கும் அடைப்புக்கோ வாளி போகவே போகாது. மூங்கில் கழியோ, வேகமாக அடிக்கும் தண்ணீரோ, கடைசியில் ஓர் ஆளின் கையோதான் வேண்டும்.

பால்மரம் நின்ற எத்தனையோ இடங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளாகிவிட்டன. 2010 ஜனவரி 1இல் இந்தப் பக்கத்துக்கு ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம் வந்தது. 2011 செப்டம்பர் 1இல் திடக்கழிவுச் சட்டம் மலாக்காவிலும் நடப்புக்கு வந்த பிறகு பொது இடத் துப்புரவு குத்தகை நிறுவனத்தின் கைக்குப் போனது. தாமானின் கான்க்ரீட் கால்வாய்க்கு முறை வைத்து ஆள் வருகிறார்கள். வேலிக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரர் பாடு, அது அடைத்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. மாறியது கருவி மட்டும் என்றால் எனக்கு வருத்தமில்லை. வாரம் தவறாமல் பார்க்கிற பழக்கம் போய்விட்டது, இழப்பு அதுதான்.

2001இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா நடைமுறைக்குக் கொண்டுவந்த மழைநீர்க் கையேடு, தண்ணீரைச் சீக்கிரம் துரத்திவிடும் பழைய எண்ணத்தைக் கைவிட்டு, விழுந்த இடத்திலேயே அதன் வேகத்தைத் தணிக்கச் சொல்கிறது. புல் படர்ந்த ஆழமில்லாத கால்வாயும் அதற்கு ஒரு வழி. நம் வாசல் கால்வாயைப் பேக்கோவால் மொட்டையாகச் சுரண்டும்போது அந்த வழியைத்தான் அழிக்கிறோம். கரைப்புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது. புல்லை வெட்டினால் போதும், பிடுங்க வேண்டாம்.

வாரிய சேறு இன்னொரு சங்கதி. கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழை அதைத் திருப்பி உள்ளே தள்ளிவிடும். பேக்கோவுக்கு வாடகை பேசும்போதே லோரிக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். குழாயின் இரண்டு வாயையும் கையால் துப்புரவாக்க ஓர் ஆளையும் கேளுங்கள். அவருக்குப் பூட்ஸும் கையுறையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.