தையல் மேசையும் தேங்காய்ச் சிரட்டையும்

கைப்பணி செய்வார் ஒருவருடைய மேசையைப் பார்த்தே அவருடைய குணத்தை அறிந்துவிடலாம் என்று சொல்வோர் உளர். நான் அதனை நம்புவதில்லை. எங்கள் குடும்பத்தில் என் தமக்கையாரைப் போல ஒழுங்கு மிக்கவர் வேறு எவரும் இல்லை. ஆயினும், சென்ற ஆண்டின் இறுதியில் அவருடைய தையல் மேசையைக் கண்டவர்கள், அங்கே ஒரு புயல் அடித்து ஓய்ந்ததோ என்று ஐயுற்றிருப்பார்கள். நூற்கட்டைகள் உருண்டோடி மூலைகளிற் கிடந்தன. கத்தரிக்கோல் துணிக் குவியலின் அடியில் மறைந்திருந்தது. பெரிய தெறியும் சிறிய தெறியும், கொளுக்கியும் ஊசியும், ஒடிந்த சீமைச்சுண்ணாம்பும் ஒரே பேணிக்குள் கலந்து கிடந்தன. வெளிநாட்டு உறவினர் எப்பொழுதோ கொண்டுவந்த நீல நிற வட்டப் பிஸ்கற் பேணி அது. நம் ஊரில் அத்தகைய பேணியைத் திறந்து பிஸ்கற்றைக் கண்ட பிள்ளைகளிலும், நூலையும் ஊசியையும் கண்டு ஏமாந்த பிள்ளைகளே அதிகம்!

இக்கலைவுக்குக் காரணம் சோம்பல் அன்று. அக்காவின் இரு கண்களிலும் வெண்புரை படர்ந்திருந்தது. வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிந்துவிட்டு, முறை வரும்வரை காத்திருந்தோம். கண் மங்க மங்கக் கை தேடத் தொடங்கியது. கை தேடத் தேட மேசை கலைந்தது. ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைப்பதற்கு, எடுத்த இடம் எது என்று தெரியவேண்டும் அல்லவா?

எனக்கும் அந்த மேசைக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கும் திட்டம் 1993ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஆரம்பமாயிற்று. துணி வந்தால் தைப்பதற்கு ஒருவர் வேண்டுமே! அக்கா அன்று முதல் வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் தைத்து வருகிறார். தந்தையார் இல்லாத வீட்டில், நான் பல்கலைக்கழகம் சென்று பட்டதாரியானது அந்தப் பொறியின் மிதிகட்டை ஓயாது அசைந்தமையால்தான். என் பட்டச் சான்றிதழ் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்குகிறது; அதற்குக் கீழேதான் அக்காவின் பொறி நிற்கிறது.

மார்கழி மாதத்தில் ஒரு நாள், ஒரு தாய் தம் மகனின் புதுச் சட்டையுடன் வந்தார். கழுத்துப்பட்டியின் மடிப்பினுள் ஒரு குண்டூசி இருந்திருக்கிறது. அணிந்து பார்க்கும்போது பிள்ளையின் கழுத்தைக் கீறிவிட்டதாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு, "கவனமாய்ப் பாருங்கோ அக்கா" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தாலும் அக்கா தாங்கியிருப்பார். அன்றிரவே பொறியை உறையிட்டு மூடிவிட்டார்.

"தம்பி, இனி இந்த வேலை எனக்குச் சரிவராது. கண்ணிலை கிண்ணிலை குத்தியிருந்தால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார்.

தைத்துக் கொடுக்க வேண்டிய சீருடைகள் இன்னும் 17 இருந்தன. முற்பணமும் வாங்கியாயிற்று. ஆனால், பணத்தைவிட, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கையால் உழைத்து நிமிர்ந்து நின்ற ஒருவர், "இனி நான் எதற்கும் உதவேன்" என்று எண்ணத் தலைப்பட்டதே எனக்கு வேதனையாயிருந்தது.

நான் கணிதம் கற்பிப்பவன். எல்லாம் சமமாகவும் நேராகவும் இருத்தல் வேண்டும் என்னும் பித்து எனக்குண்டு. அக்காவின் மேசைக்கு ஒழுங்கான ஓர் அடுக்குப் பெட்டி செய்து கொடுத்தால் எல்லாம் சீராகிவிடும் என்று தீர்மானித்தேன். கடையிலிருந்து இரண்டு காட்போட் பெட்டிகள் வாங்கி வந்து, விடுமுறை நாள் ஒன்றில் வேலையைத் தொடங்கினேன்.

காட்போட் மட்டையை அலட்சியமாக எண்ணுவோர் அதன் வெட்டுமுகத்தை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக மடிந்த மூன்றாவது தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அலைகள் நிலைக்குத்தாக நிற்குமாறு மட்டையை வெட்டினால், ஒவ்வோர் அலையும் ஒரு சிறு தூண் போல நின்று பாரத்தைத் தாங்கும். கிடையாக வெட்டினால் அதே மட்டை மடிந்துவிடும். 1871இல் அமெரிக்கரான அல்பேட் ஜோன்ஸ் என்பவர் இவ்வாறு மடித்த தாளுக்கு உரிமம் பெற்றது, போத்தல்களைச் சுற்றி உடையாமல் அனுப்புவதற்காக. வெட்டி மடித்து உருவாக்கும் பெட்டி பிறந்த கதை இன்னும் சுவையானது. 1879இல் நியூயோர்க்கின் புறூக்ளினில் றொபேட் கெயர் என்பவருடைய அச்சுக்கூடத்தில், தாளில் மடிப்புக்கோடு பதிக்க வேண்டிய உலோகத் தகடு, உயரம் தவறித் தாளை வெட்டிவிட்டது. வெட்டும் தகட்டையும் மடிக்கும் தகட்டையும் ஒன்றாக வைத்தால் ஒரே அடியிற் பெட்டி கிடைக்குமே என்ற எண்ணம் அந்தத் தவற்றிலிருந்துதான் அவருக்கு உதித்தது. மடிக்க எண்ணி வெட்டிவிடும் அனுபவம் எனக்கும் அன்று மூன்று முறை நேர்ந்தது; கெயருக்கு உதித்தது போல எனக்கு எதுவும் உதிக்கவில்லை. மடிப்பு வேண்டிய இடத்தில் கத்தியால் கீறாமல், மை தீர்ந்த பேனை முனையை அடிமட்டத்தின் ஓரமாக அழுத்தி இழுத்தல் நன்று என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

பசைக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. ஒரு பங்கு கோதுமை மாவை நான்கு பங்கு தண்ணீரிற் கட்டியில்லாமற் கரைத்து, இளஞ்சூட்டில் துழாவிக் கூழ் பளபளப்பாகும்போது இறக்கினால் போதும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு, அது நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதனைத் தவிர்த்து, இரண்டு நாளுக்கு வேண்டிய அளவுக்கு மாத்திரம் பசை காய்ச்சிக்கொள்க. ஒட்டிய பெட்டியை நன்றாக வெயிலிற் காயவைப்பதும் அவசியம்.

இவ்வாறு ஒன்றே போன்ற பன்னிரண்டு அறைகள் கொண்ட தட்டு ஒன்றைச் செய்தேன். நெருப்புப் பெட்டிகள் ஆறினை அடுக்கி ஒட்டி, ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு தெறியைத் தைத்துக் கைப்பிடியாக்கி, சின்னஞ்சிறு லாச்சிகளும் அமைத்தேன். மண்ணிறத் தாள் ஒட்டி, அழகிய எழுத்தில் "வெள்ளை நூல்", "நீல நூல்", "கொளுக்கி" என்று பெயர்ச்சீட்டும் இட்டேன். மனைவியும் மகளும் வியந்தார்கள். நானும் பெருமையோடு அக்காவின் முன் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் விரல்களால் மெல்லத் தடவிப் பார்த்தார். "வடிவாய்த்தான் செய்திருக்கிறாய், தம்பி. ஆனால் எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. எது எதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

பெயர்ச்சீட்டு எழுதிய நான், வாசிப்பவருக்குக் கண் தெரியாது என்பதை மறந்துவிட்டேன்! நான் பெருமைப்பட்ட அந்தச் சமத்துவமே அவருக்கு இடையூறாயிற்று. பன்னிரண்டு அறைகளும் விரலுக்கு ஒன்றே. நெருப்புப் பெட்டி லாச்சிகளோ, இழுத்த வேகத்தில் முழுதாக வெளியே வந்து கொளுக்கிகளைக் கொட்டின.

அன்று மாலை நான் எதையும் செய்யவில்லை. அக்காவின் அருகே கதிரையைப் போட்டுக்கொண்டு, ஒரு சட்டையை மாத்திரம் தைத்துக் காட்டுமாறு வேண்டினேன். அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலக்கை பெரும்பாலும் கத்தரிக்கோலையே தேடியது. இடக்கை குண்டூசிகளை நாடியது. தைத்து முடித்த பின்பே தெறிகள் வேண்டியிருந்தன. நூலில் அவருக்கு வேண்டியவை வெள்ளையும் நீலமும் ஆகிய இரண்டே. ஏனைய நிறங்கள் எல்லாம் வீணாக மேசையை அடைத்துக்கொண்டிருந்தன. கண்ணால் நான் வகுத்த ஒழுங்கு வேறு, கையால் அவர் அறிந்த ஒழுங்கு வேறு.

மறுநாள் முதல் வேறுவிதமாகத் தொடங்கினேன். ஒவ்வொரு பொருளுக்கும், தொட்ட மாத்திரத்தில் வேறென்று உணரக்கூடிய ஒரு கொள்கலம் தேடினேன். வெள்ளை நூலுக்கு ஓலைப் பெட்டி. நீல நூலுக்குத் தகரப் பேணி. ஓலைப் பெட்டியை நானே இழைக்க முயன்றேன். சார்வோலையின் ஈர்க்கை நீக்கி, காயவைத்து, ஒரே அகலமாக வார்ந்து, நீரில் நனைத்துப் பதப்படுத்தி இழைக்க வேண்டும். வார்வது வரையில் ஒருவாறு வந்தேன்; மூலை திருப்புமிடத்தில் என் கல்வி முழுவதும் பயனற்றுப் போயிற்று. அயலில் உள்ள முதியவர் ஒருவர் என் கையிலிருந்ததை வாங்கிப் பிரித்து, பேசிக்கொண்டே ஒரு மணி நேரத்துக்குள் மூடற்பெட்டி ஒன்றை இழைத்துத் தந்தார். பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்ட பின் இக்கைப்பணிக்குப் பயிற்சியும் சந்தையும் ஓரளவு கிடைத்திருக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவோடு அது நின்றுபோயிற்று என்பதை நினைக்க எனக்கு வெட்கமாயிருந்தது. கடகமும் குட்டானும் நீற்றுப்பெட்டியும் கொட்டைப்பெட்டியும் அவர் இழைத்தவை. நான் கேட்டுப் பழகவில்லை.

தெறிகளுக்கு வாய்த்தது தேங்காய்ச் சிரட்டை. உடைந்த கண்ணாடித் துண்டினால் மேல்நாரைச் சுரண்டி, அரத்தாளினால் தேய்த்து மினுக்கினேன். சிரட்டை உருளும் என்று அஞ்ச வேண்டாம். நீர்க்குழாயில் ஓரங்குல உயரமான வளையங்கள் அறுத்துப் பலகையில் ஒட்டினால், அவற்றின்மேல் அது அசையாமல் அமர்ந்துகொள்ளும். தேங்காயின் ஒரு பாதியில் மூன்று கண்கள் இருக்கும், மறுபாதி வழவழப்பானது. அவற்றுள் மென்மையான கண் துளைபட்டிருந்தால் உட்புறமாக ஒரு துணித்துண்டை ஒட்டிக்கொள்ளலாம். கண்ணுள்ள சிரட்டையிற் காற்சட்டைத் தெறி, கண்ணில்லாச் சிரட்டையிற் சட்டைத் தெறி என்று வகுத்தோம். சிரட்டையின் அடியைத் தடவினாலே எது எதுவென்று தெரிந்துவிடும். "கண் இல்லாதவளுக்குக் கண்ணுள்ள சிரட்டை" என்று அக்கா சிரித்தார். பல நாட்களுக்குப் பின் அன்றுதான் அவர் சிரிக்கக் கேட்டேன்.

கத்தரிக்கோலை ஒரு முழ நாடாவிற் கட்டி, மேசையின் வலப்புற விளிம்பில் அறைந்த ஆணியில் மாட்டினேன். கைதவறி விழுந்தாலும் நாடாவை இழுத்தால் வந்துவிடும். தையல் ஊசிகளுக்குச் சிறு தகரச் சிமிழ் ஒன்று. அதனுள் வகுப்பறையில் எஞ்சிய வெண்கட்டித் துண்டு ஒன்றையும் இட்டேன். வெண்கட்டி ஈரத்தை உறிஞ்சுவதால் ஊசி எளிதில் துருப்பிடிக்காது. நூல் கோப்பது மாத்திரம் எந்தப் பெட்டியாலும் தீராத சங்கடம். என் மகள் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் பத்து ஊசிகளில் வெள்ளை நூல் கோத்து வைப்பதாக ஏற்றுக்கொண்டாள்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான குண்டூசி. ஊசிமெத்தை ஒன்று தைத்து, இலவம்பஞ்சை இறுக அடைத்தோம். அதன் மேற்புறத்தில் தடித்த நூலால், விரலுக்குத் தட்டுப்படுமாறு, நான்கு வரிசை தைத்தோம். வரிசைக்கு ஆறாக 24 குண்டூசிகள். அதற்கு மேல் ஒன்றுதானும் மேசையில் இருக்கக்கூடாது. மீதி ஊசிகளை மனைவி அலுமாரியிற் பூட்டிவைத்தார். ஒரு சட்டை முடிந்தவுடன் அக்கா வரிசைகளைத் தடவி எண்ணுவார். 24 இருந்தாலன்றிச் சட்டை மடிக்கப்படமாட்டாது. மேசையிலும் தரையிலும் விழுந்தவற்றைப் பொறுக்க, பழுதாய்ப்போன ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியிற் பொதிந்து கொடுத்தேன்.

முதல் நாள் மாலையே அந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. எண்ணிக்கை 23இல் நின்றது. காந்தத்தைத் தரையெங்கும் இழுத்தோம்; அகப்படவில்லை. நான் களைத்து, "நீங்கள் பிழையாய் எண்ணியிருப்பீர்கள், அக்கா" என்றேன். அவர் பதில் சொல்லாமல், மடித்த சட்டையை விரித்துத் தையல் தையலாக விரலால் நெருடிக்கொண்டு போனார். இடது கைப்பட்டியின் உள்மடிப்பில் அது இருந்தது. அதை எடுத்து மெத்தையிற் குத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த துணியை எடு" என்றார்.

புதிய தவணை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் பதினேழு சீருடைகளும் போய்ச் சேர்ந்தன. குண்டூசியோடு வந்த அந்தத் தாய், இளைய மகனின் துணியையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

மாசி மாதத்தில் அக்காவின் வலக்கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்துச் சில நாட்களின் பின், மேசையருகே சென்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அடுக்குப் பலகையைக் கையிலெடுத்து வெளிச்சத்திற் பிடித்து, "இந்த வளையம் கோணலாயெல்லோ ஒட்டியிருக்கு! நீ கணக்கு வாத்தியாரோ?" என்று கேட்டார். இந்தச் சனிக்கிழமை அதைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். பன்னிரண்டு அறைகள் கொண்ட காட்போட் தட்டு இப்பொழுது என் மேசையில் இருக்கிறது. பெயர்ச்சீட்டுகளை மாத்திரம் மாற்றிக்கொண்டேன்.