வளர்ப்பதும் வருத்துவதும்

உயர்தர வகுப்பில் நான் உயிரியல் கற்பித்து வந்த காலம். ஒரு நாள் நரம்புத் தொகுதி பற்றிய பாடம் முடியுந் தறுவாயில் மாணவியொருத்தி எழுந்து, "ஐயா, நோவு என்பதையே இல்லாமற் செய்துவிட்டால் மனிதனுக்கு நன்மைதானே?" என்று வினவினாள். முழங்கால் வாதத்தினால் இரவெல்லாம் உறக்கமின்றி அனுங்கும் தன் அம்மம்மாவைப் பற்றி அவள் சொல்லி முடித்தபோது வகுப்பு அமைதியில் ஆழ்ந்தது. நோவு உடம்பின் காவலன் என்று, நூலிற் படித்திருந்த விடையைச் சொன்னேன். அவள் தலையசைத்து அமர்ந்தாள். ஆயினும் அவள் முகத்தில் நிறைவு தோன்றவில்லை. என் உள்ளத்திலும் அது தோன்றவில்லை. வீட்டாரை உறங்கவிடாத காவலனால் யாது பயன்?

அன்று நான் சொல்லத் தவறிய விடையைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு புரதத்தின் வரலாற்றிற் கண்டேன். நரம்பு வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர்.

இத்தாலியின் தூரின் நகரில் 1909இல் பிறந்தவர் ரீற்றா லெவி-மொந்தல்சீனி. யூத குலத்தவரான இவ்வம்மையார் வைத்தியம் பயின்று நரம்பாராய்ச்சியிற் புகுந்தார். 1938இல் முசோலினியின் அரசு இயற்றிய இனச் சட்டங்கள் யூதருக்குப் பல்கலைக்கழக வாயில்களை அடைத்தன. அம்மையார் சோர்ந்தாரல்லர். தமது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். தையலூசிகளைத் தீட்டிச் சிறு கத்திகளாக்கினார். கோழி முட்டைகளை வாங்கி, அவற்றினுள் வளரும் முளையங்களின் நரம்புகளை ஆராயத் தொடங்கினார். நகரிற் குண்டு மாரி பொழிந்தபோது நாட்டுப்புற வீடொன்றுக்குக் குடிபெயர்ந்து அங்கும் வேலையைத் தொடர்ந்தார். முளையத்திற் கை கால்கள் அரும்பும் இடத்தை வெட்டிவிட்டால், அங்கு செல்லவேண்டிய நரம்புக் கலங்கள் தோன்றாமலே போய்விடுவதில்லை; தோன்றி, வளர்ந்து, பின்னரே மடிகின்றன என்று அவர் கண்டார். அவற்றை உயிரோடு வைத்திருப்பது எது? பின்னாளைய கண்டுபிடிப்புக்கு இவ்வினாவே வித்தாயிற்று.

போர் ஓய்ந்தபின் 1947இல், விக்ரர் ஹாம்பேர்கர் என்னும் அறிஞரின் அழைப்பை ஏற்று, அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகருக்குச் சென்றார். சுண்டெலியின் புற்றுக்கட்டித் துண்டொன்றைக் கோழி முளையத்திற் பதித்தால் நரம்பு நார்கள் அதனுள் வெள்ளம்போற் பாய்வதை வேறோர் ஆய்வாளர் கண்டிருந்தார். அக்கட்டி ஏதோவொரு பொருளைச் சுரக்கின்றது என அம்மையார் துணிந்தார். 1952இல் றியோ டி ஜெனீரோ நகரில், ஹேர்த்தா மேயரின் ஆய்வுகூடத்தில், நரம்புத்திரட்டையும் கட்டியையும் கண்ணாடியின்மேல் அருகருகே வளரவிட்டார். ஒரு நாளுக்குள், ஞாயிற்றைச் சூழ்ந்த கதிர்களைப் போல், நரம்புத்திரட்டிலிருந்து நார்கள் கிளர்ந்தெழுந்தன.

மறுவருடம் இரசாயன அறிஞர் ஸ்ரான்லி கோஹென் அவருடன் இணைந்தார். பொருளைத் தூய்மைப்படுத்தும் முயற்சியில், கலப்பிலிருந்த நியூக்கிளிக்கமிலத்தைச் சிதைப்பதற்காகப் பாம்பின் நஞ்சைச் சேர்த்தனர். என்ன விந்தை! கட்டியிலிருந்ததைக் காட்டிலும் அப்பொருள் நஞ்சிலே மிகுந்திருந்தது. நஞ்சுச் சுரப்பி ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பியே அன்றோ என எண்ணிய கோஹென், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்தார். அங்கும் அது நிறைந்து கிடந்தது. அதனை முறியடிக்கும் பிறபொருளெதிரியைப் புதிதாகப் பிறந்த சுண்டெலிகளுக்கு ஏற்றியபோது, அவற்றின் பரிவு நரம்புத்திரட்டுகள் அழிந்தொழிந்தன. 118 அமினோ அமிலங்கள் கோத்த அப்புரதச் சங்கிலியின் வரிசை 1971இல் வெளியாயிற்று. 1986இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதுவரை நாம் கண்டது தாயைப் போன்ற ஒரு பொருளை. ஆயின், அதற்கு மறுமுகமும் உண்டு. வளர்ந்த உடம்பில் ஒரு மூட்டு அழற்சியுற்றால் அவ்விடத்தில் இக்காரணி பெருகுகின்றது. பெருகி, நோவுணரும் நரம்புகளின் முனையிலுள்ள வாங்கிகளைப் பற்றுகின்றது. உடனே அந்நரம்புகள் கூர்மையடைந்து, மெல்லிய தொடுகையையும் வேதனையாக உணர்த்துகின்றன. மறதி நோயால் மூளை நலிந்த மூவருக்கு, நரம்புகளைக் காக்கலாமென்ற நம்பிக்கையுடன், சுவீடனில் இப்பொருளை மூளையறையினுள் செலுத்திப் பார்த்தனர். 1998இல் வெளியான அம்முயற்சியின் பேறுகளுள் ஒன்று, அவர்களை வாட்டிய முதுகு நோவு. வளர்ப்பதும் வருத்துவதும் ஒரே பொருள்!

அவ்வாறாயின் அதனைத் தடுத்துவிட்டால் நோவு நீங்குமன்றோ? வைத்திய உலகமும் என் மாணவியைப் போலவே சிந்தித்தது. இக்காரணியைப் பற்றிப் பிடித்துச் செயலற்றதாக்கும் ரனெசுமாப் என்னும் பிறபொருளெதிரி மருந்து உருவாயிற்று. முழங்கால் வாதத்தால் வருந்தியோருக்கு அதனைச் செலுத்திக் கண்ட பயன் 2010இல் வெளியானபோது, நோவு பெரிதுங் குறைந்தமை தெளிவாயிற்று. ஆனால், அதே ஆண்டிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பரிசோதனைகளை நிறுத்தினர். மருந்து பெற்றோருட் சிலருக்கு மூட்டுகள் விரைந்து சிதைந்திருந்தன. சிலருக்கு மூட்டையே மாற்ற நேர்ந்தது. வழமையான நோவுநீக்கி மாத்திரைகளையும் சேர்த்து உட்கொண்டோரிடம் இவ்விடர் கூடியிருந்தது. அளவைக் குறைத்து 2015இல் மீண்டும் தொடங்கினர். எனினும், 2021இல் கூடிய அறிஞர் குழுவில் 19 பேர் எதிராகவும் ஒருவரே ஆதரவாகவும் வாக்களித்தனர். அவ்வாண்டிலேயே அம்மருந்து கைவிடப்பட்டது.

இங்கேதான் நான் அன்று நூலிலிருந்து ஒப்புவித்த சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. இக்காரணியின் வாங்கி பிறவியிலேயே பழுதுற்ற குழந்தைகள் உலகில் மிக அரிதாகப் பிறக்கின்றனர். அவர்களுக்கு நோவில்லை, வியர்வையும் இல்லை. தம் நாவைத் தாமே கடித்துக்கொள்வர். எலும்பு முறிந்தும் அதனை அறியாது விளையாடுவர். நோவற்ற உடம்பு எத்தகையது என்பதற்கு அவர்களே சான்று.

ஆயினும், இக்கதை தோல்வியில் முடியவில்லை. விழிவெண்படலத்தின் நரம்புகள் பட்டுப்போனால், கண் உணர்விழந்து, புண்ணுற்று, பார்வையும் மங்கும். நுண்ணுயிரில் உற்பத்தி செய்த இதே காரணியைக் கண்ணுக்குத் துளிமருந்தாக இடுவதற்கு ஐரோப்பாவில் 2017இலும் அமெரிக்காவில் 2018இலும் அனுமதி கிடைத்தது. நாளொன்றுக்கு 6 முறை, 8 வாரம் இடவேண்டும். ஓரிடத்தில் தடுக்க முயன்று இடர்ப்பட்ட பொருளை, மற்றோரிடத்தில் வேண்டிக் கொடுக்கின்றனர்.

அம்மாணவி இன்று எங்கிருக்கின்றாளோ, அறியேன். அவளுடைய அம்மம்மாவின் நோவும் அம்மூதாட்டியோடு என்றோ அடங்கியிருக்கும். மீண்டும் அவளைக் காண நேர்ந்தால், "பிள்ளை, உன் கேள்வி பிழையன்று" என்றே தொடங்குவேன். முதியவளின் நோவைத் தணிக்க முயல்வது அறமே. ஆனால், நோவைச் சுமந்துவரும் பொருள் வேறெந்தப் பணியையும் சுமக்கின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். காவலனைக் கொல்லாமல் அவன் கூச்சலை மட்டும் தாழ்த்தும் வழியை அறிவியல் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றது. படுக்கையறையில் தையலூசியோடு தொடங்கிய அத்தேடலை, வகுப்பறையில் எழுந்து கேள்வி கேட்கும் யாரேனும் ஒருவர் ஒருநாள் முடித்துவைக்கக்கூடும்.