மூவண்ணப் பூனையா? பெட்டைதான், பந்தயம் கட்டுங்கள்!

கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் திட்டுத்திட்டாக இருக்கும் பூனை எதிரே வந்தால், தூக்கிப் பார்க்காமலேயே "இது பெட்டை" என்று அடித்துச் சொல்லலாம், தெரியுமா? தோற்பது அபூர்வத்திலும் அபூர்வம்!

சூட்சுமம் எக்ஸ் குரோமோசோமில். ரோமம் செம்மஞ்சளா கறுப்பா என்று முடிவுசெய்யும் மரபணு அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த மரபணுவுக்கு இரண்டு வடிவங்கள். இப்படிப்பட்ட வடிவங்களுக்குத்தான் அல்லீல் என்று பெயர். கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதனால் ஏதாவது ஒரு நிறம்தான். பெட்டைக்கு இரண்டு! தாய் கறுப்பையும் தகப்பன் செம்மஞ்சளையும் கொடுத்துவிட்டால்?

இரண்டும் குழம்பிப் பழுப்பாகிவிடும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை! கருவில் இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை மூடிவிடுகிறது. எதை மூடுவது? பூவா தலையா போட்டதுபோல்தான், விதி ஏதும் கிடையாது. ஆனால் ஒருமுறை மூடிவிட்டால், அந்தச் செல்லின் வம்சம் முழுக்க அதையேதான் மூடி வைத்திருக்கும். அந்த வம்சம் பரவிய இடமெல்லாம் ஒரே நிறம்! 1961இல், எலிகளின் ரோமத்தை வைத்தே இதைச் சொன்னவர் இங்கிலாந்தின் மேரி லயன். (வெள்ளைத் திட்டு இதில் சேராது, அது வேறொரு மரபணுவின் கைவேலை.)

அதைவிட வேடிக்கை கேளுங்கள். 2001 டிசம்பரில், அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் செல்லிலிருந்து உலகின் முதல் குளோனிங் பூனை பிறந்தது. பெயரே 'காப்பி கேட்'! பார்த்தால், செம்மஞ்சள் மருந்துக்கும் இல்லை! எடுத்த செல்லில் செம்மஞ்சள் எக்ஸ் ஏற்கெனவே மூடிக் கிடந்தது. குளோனிங்கிலும் அது திறக்கவில்லை. செல்லப் பூனையை அச்சு அசலாக மீட்டுவிடலாம் என்று பணம் கட்டப் போகிறவர்களுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

சரி, அந்தச் செம்மஞ்சள் எப்படி வந்தது? ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டும் தனித்தனியே தேடி, 2025இல் ஒரே விடையை வெளியிட்டன: எக்ஸ் குரோமோசோமில் சுமார் 5,000 எழுத்து நீளத்துக்கு டி.என்.ஏ. காணாமல் போயிருக்கிறது!

மூவண்ணக் கடுவனும் எங்கேனும் பிறப்பதுண்டு. அதற்குப் பெரும்பாலும் எக்ஸ் ஒன்று கூடுதல்; அநேகமாக அது மலடாகத்தான் இருக்கும்.

பூனையோடு முடியவில்லை! பெண்களின் செல்களிலும் ஒரு எக்ஸ் மூடித்தான் இருக்கிறது. வியர்வைச் சுரப்பி உருவாகத் தேவையான ஒரு மரபணு எக்ஸில் இருக்கிறது. அதன் பழுதான அல்லீல் ஒன்றையும் நல்லது ஒன்றையும் சுமக்கும் பெண்களில் சிலருக்கு, தோலில் ஒரு பட்டை வியர்க்கும். பக்கத்துப் பட்டை வியர்க்கவே வியர்க்காது!