குறட்டையும் விழிப்பும் - பட்டாளத்துக்காரர் வீட்டில் கவனிக்க வேண்டியது

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த கணவர் இரவில் சரியாகத் தூங்குகிறாரா? இதற்குச் சரியான பதில் அவருக்கே தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும்.

சாத்தூரை அடுத்த ஏழாயிரம்பண்ணையில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி சென்ற ஆண்டு கண்கலங்கிச் சொன்னாள்: “மதினி, அவுக பாதி ராத்திரி வரைக்கும் புரண்டுக்கிட்டே கெடக்காக. கண்ணசந்தா வீடே அதிருற மாதிரி குறட்டை. திடீர்னு சத்தம் நின்னுபோகுது, மூச்சையும் காணோம். எனக்கு ஈரக்கொலை நடுங்குது. பெறகு திணறி முழிச்சு, விடியிற வரைக்கும் திண்ணையில உக்காந்திருக்காக.”

சுற்றிலும் பட்டாசு ஆலைகள் உள்ள ஊர். எங்கோ ஒரு வெடிச் சத்தம் கேட்டாலும் மனிதர் எழுந்து நின்றுவிடுவாராம்.

அவள் கையில் மாத்திரை அட்டை ஒன்று. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை. “இதுல ஒண்ணு கொடுக்கட்டுமா?” என்றாள். “கொடுத்துடாதே!” என்று பதறினேன்.

ஏன் தெரியுமா? இது ஒரு நோயல்ல, இரண்டு. ஒன்று தூக்கமின்மை. ஆண்டுக்கணக்கில் இரவுக் காவல் நின்ற மனம், வீட்டுக்கு வந்தும் காவல் நிற்கிறது. மற்றொன்று தூக்கத்தில் மூச்சடைப்பு. தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று வழியை அடைக்க, ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அவரை உலுக்கி எழுப்புகிறது. எழுந்த மனம் மறுபடி உறங்க மறுக்கிறது. இப்படி ஒன்றை ஒன்று வளர்க்கின்றன. சிலருக்குப் போர்முனைக் கெட்ட கனவுகளும் சேர்ந்துகொள்ளும்.

இவ்விரண்டும் சேர்ந்து வருவதை 1973-லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தூக்கக் கோளாறு என்று வந்த அமெரிக்கப் படைவீரர்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மேல் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

தூக்க மாத்திரைகளில் சில தொண்டையை மேலும் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டும். கேன்டீன் ரம்மும் அப்படித்தான். “ஒரு பெக் போட்டா தூக்கம் வரும்” என்பது வீண் பேச்சு. ஆனால் டாக்டர் சொல்லி நாள்பட்டுச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* குறட்டையையும் அது நின்றுபோவதையும் செல்போனில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கமின்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
* இரவுத் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் (இ.சி.எச்.எஸ்.) சேர்ந்தவர்கள் அதன் பாலிகிளினிக்கில் விசாரிக்கலாம்.
* மூச்சடைப்புக்கு ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்த காற்றழுத்தக் கருவி (சிபாப்) உண்டு. தூக்கமின்மைக்கு மாத்திரையில்லாத மனப்பயிற்சி உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை தேவை.
* எத்தனை மணிக்குப் படுத்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழட்டும்.
* கனவில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள்.
* பகலில் தூங்கி வழிபவர் வண்டி ஓட்ட வேண்டாம். வெடிமருந்துள்ள இடத்தில் வேலையும் வேண்டாம்.

உறவுக்காரப் பெண்ணின் கணவர் முதலில், “மூஞ்சில குழாயை மாட்டிக்கிட்டு யாரு படுப்பா?” என்று முறைத்தாராம். பிறகு பழகிவிட்டார். போன வாரம் அவள் சொன்னாள்: “இப்பத்தான் மதினி, நானும் தூங்குறேன்.”