நோயை மறைத்துக் காப்புறுதி வேண்டாம்

சலரோகம் உள்ளவர் ஆயுள் காப்புறுதி எடுக்கலாமா? இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எடுக்கலாம்; ஆனால் நோயைப் படிவத்தில் எழுதியே எடுக்க வேண்டும். "இல்லை என்று போடுங்கோ" என்று சொல்லும் முகவரும் உண்டு. அவருக்குத் தரகு வந்துவிடும். கட்டியவர் இறந்தபின் கம்பனி ஆஸ்பத்திரிப் பதிவுகளைத் தேடிப் பார்க்கும். மறைத்தது தெரிந்தால் பணத்தை மறுக்கலாம். அறுவடைக் காசில் மிச்சம்பிடித்துக் கட்டியதெல்லாம் மனைவி பிள்ளைகளுக்கு உதவாமற் போகும்.

உண்மையைச் சொன்னால் பரிசோதனை கேட்பார்கள், கட்டுப்பணத்தைக் கூட்டுவார்கள், சிலவேளை மறுப்பார்கள். பிறகு வேறு கம்பனியிடம் போகலாம். முதல் மறுப்பைப் பற்றிக் கேட்டால் அங்கும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். முகவர் நிரப்பினாலும் கையொப்பம் உங்களுடையது. வாசிப்பித்துக் கேட்டபின் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை வாங்கி வையுங்கள்.